எட்டாவது பூச்செண்டு

கீரி என்கிற ஊரில் யாரோ சொன்னார்களாம். சட்டை தைக்கக் கொடுக்க வந்த பஸ்மினா, வங்காலையில் ஜெஸ்லியாவின் தையல் மெசினருகே நின்று அதைத் திருப்பிச் சொன்னாள்.

"ஜெராட்டுக்குப் பிரான்சில மனுசியும் பிள்ளையும் இருக்காம், அக்கா. அந்த மனுசிட நம்பரும் தந்தாங்க. சரி பிழை எனக்குத் தெரியா."

ஜெஸ்லியாவின் கால் மிதியில் நின்றுவிட்டது. ஜெராட்டைக் கட்டப்போகிற அகஸ்ரினா அவளுடைய சின்ன வயதுக் கூட்டாளி. கலியாணத்துக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. பொம்பிளைத்தோழி ஜெஸ்லியாவேதான்.

முப்பத்துநாலு வயதுக்குள் ஏழு பேருக்குத் தோழியாக நின்றுவிட்டாள். சட்டைப்பின்னை வாயில் கவ்விக்கொண்டு தலையில் முக்காட்டு நெற் பொருத்துவாள், மயக்கம் வரும் பொம்பிளைக்குச் சோடா பருக்குவாள், கடைசியில் கோயில் புத்தகத்தில் சாட்சிக் கையெழுத்தும் வைப்பாள். "எல்லாரையும் கரை சேர்த்துப்போட்டு நீ மட்டும் வள்ளத்திலயே நிக்கிறாய்" என்று பகிடி விடுவார்கள். அவளும் சிரிப்பாள்.

அந்தப் பகிடிதான் இப்போது அவள் வாயைக் கட்டியது. மூன்றாம் முறையும் கலியாண அறிவித்தல் வாசித்த பாதர், தடை தெரிந்தவர்கள் தன்னிடம் சொல்லும்படி கேட்டார். அவருடைய வீட்டு வாசல்வரை போனாள். தனக்குக் கிடைக்காததைக் கெடுக்கிறாள் என்றுதானே ஊர் சொல்லும்? திரும்பிவிட்டாள். பஸ்மினா தந்த நம்பருக்கு எத்தனையோ முறை எடுத்தாள். மணி மட்டும் அடித்தது. கடைசியில் குரலைப் பதிந்து அனுப்பினாள்: "நான் அகஸ்ரினாவின்ர தோழி. சனிக்கிழமை கலியாணம். உண்மையெண்டால் ஒருக்கா எடுங்கோ."

பதில் வரவில்லை.

சனிக்கிழமை காலை நெற் பொருத்தும்போது அகஸ்ரினா சிரித்தாள்.

"என்னடி, ஊசியெல்லாம் கீழ போடுறாய்? கலியாணம் எனக்கடி."

"ஊசி குத்திப்போட்டுது."

"நீ பக்கத்தில நிக்கிறாய். எனக்கு ஒரு பயமும் இல்லை."

கோயில் வாசலில் ஜெராட் ஜெஸ்லியாவின் பக்கம் குனிந்தான். முகத்தில் படம் எடுக்கிறவருக்கான சிரிப்பு அப்படியே இருந்தது.

"பிரான்சுக்கெல்லாம் மெசேஜ் போடுறீங்கள் போல, தங்கச்சி. உள்ள போகேக்க போனை நிப்பாட்டி வையுங்கோ."

அவளுக்கு அப்போதுதான், யாருக்கும் சொல்லாத அந்தக் குரல் இவன் காதுவரை வந்திருப்பது புரிந்தது. போனை அவள் நிப்பாட்டவில்லை.

பீடத்தின் முன் வாக்குச் சொல்லும் நேரம். கைகோக்க முன் அகஸ்ரினா பூச்செண்டைத் தோழியிடம் நீட்டினாள். ஜெஸ்லியா இரண்டு கையாலும் வாங்கினாள். எட்டாவது.

மணிக்கட்டில் தொங்கிய கைப்பை அதிர்ந்தது. அதன் திறந்த வாய்க்குள் வெளிச்சம். முப்பத்துமூன்றில் தொடங்கும் பிரான்ஸ் நம்பர்.

ஜெராட் பாதரைப் பார்க்கவில்லை. கைப்பையைப் பார்த்தான்.

பூச்செண்டைக் கீழே போட்டால்தான் போனை எடுக்கலாம். பாதர் அகஸ்ரினாவின் பெயரைச் சொன்னார். அகஸ்ரினா ஒருகணம் திரும்பித் தோழியின் முகத்தைத் தேடினாள்.

கைப்பை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.