தந்திக்காரனின் டைனமோ லைட்

தந்தி சேவகன் வேலையில் ஒரு விசேஷம் உண்டு: நம்மை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்களே நாம் வந்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொள்வார்கள்.

காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள் இருந்த கடைசி வருஷங்களில் நான் தபாலாபீசில் இருந்தேன். பொழுது சாய்ந்த பிறகு வரும் தந்தியையும் அப்போதே கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். முதலில் என் சைக்கிளில் மண்ணெண்ணெய் விளக்குதான். கடற்காற்று ஒரு தரம் ஊதினால் போச்சு. வியட்நாமில், சைகோனிலிருந்து திரும்பிய ஒருவரிடம் டைனமோ லைட் ஒன்றை வாங்கி மாட்டிய பிறகுதான் நிம்மதி வந்தது. கூடவே கொஞ்சம் மிதப்பும் வந்தது. எவ்வளவு தூரம் அடிக்கிறது என்று பார்க்கும் ஆசையில் லைட்டை நேராகத் தூக்கி வைத்துவிட்டேன். எதிரே வந்தவன் லைட்டில் கண் கூசிப் பள்ளத்தில் சைக்கிளை இறக்கிய அன்பர்களே, உங்கள் கஷ்டம் எனக்குப் புரியும்; அந்த எதிரே வந்தவன் நான்தான்.

வைக்கோல் வண்டி

தலத்தெருப் பக்கம் ஒரு சாயங்காலம். எதிரே வைக்கோல் வண்டி வந்தது. என் வெளிச்சம் பட்டதும் மாடு இரண்டும் மிரண்டு, சாலையை விட்டு வயலுக்குள் இறங்கிவிட்டன. வண்டிக்காரர் குதித்து முதலில் மாடுகளைத் தடவிப் பார்த்தார். பிறகு சக்கரத்தைப் பார்த்தார். கடைசியாகத்தான் என்னைப் பார்த்தார். என் காக்கி உடுப்பையும் தோல்பையையும் வைத்துத் தந்திக்காரன் என்று கண்டுகொண்டார்.

"தந்தி எனக்கா வந்துருக்கு, மாட்டுக்கா வந்துருக்கு? அது மூஞ்சிக்கு நேரா நீட்டுறீங்களே!"

காலிக் கூடை

அதற்கும் நான் திருந்தவில்லை. மாடுதானே மிரண்டது, மனுஷன் மிரளவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு கருக்களாச்சேரிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என் லைட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுங்கினார். ஒதுங்கிய இடத்தில் வாய்க்கால். இறங்கி ஓடிக் கையைப் பிடித்துத் தூக்கினேன். சும்மா இருந்திருக்கலாம். ரோடு முழுக்கப் பள்ளம், வெளிச்சம் இல்லாமல் எப்படிப் போவது என்று நியாயம் பேசினேன். அவர் வீங்கிய கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"உனக்குக் கண்ணு தெரியணும்னு என் கண்ண அவிச்சிட்டியே, தம்பி!"

நடந்து வந்த விளக்கு

மறுநாள் காலையில் முதல் வேலையாக மரையைத் தளர்த்தி லைட்டைக் கீழே சாய்த்தேன். பாதை தெரிந்தது. எதிரே வருபவர் முகம் தெரியவில்லை. அது எனக்கு எதற்கு?

ஆனாலும் திருமலைராயன்பட்டினத்தில் ஒரு தெரு என்னைச் சங்கடப்படுத்தியது. அங்கே வீட்டுக்கு ஒருவர் சைகோனில் இருந்தார். அங்கேயோ சண்டை நடந்துகொண்டிருந்தது. என் வெளிச்சம் தெருவில் திரும்பினாலே பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். முதலில் வருபவர் சைனம்பு அம்மாள். அவருடைய ஒரே மகன் காசிம் அங்கே ஒரு துணிக்கடையில் இருந்தான். எட்டு மாதமாகக் கடிதம் இல்லை.

பாவம், சாவுச் சேதியோவென்று பயமுறுத்த வேண்டாம் என்று தெருமுனையிலேயே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தேன். சக்கரம் வேகமாகச் சுற்றினால்தானே டைனமோ லைட் எரியும்? தள்ளும்போது மினுக் மினுக்கென்று ஏதோ இருக்கும். பெரிய கரிசனம் காட்டிவிட்டதாக எனக்கு நினைப்பு. ஒரு நாள் அடுத்த வீட்டுக்குக் கல்யாண வாழ்த்துத் தந்தி கொடுத்துவிட்டுத் திரும்பும்போது சைனம்பு அம்மாள் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க பைய வந்தா மவுத்துச் சேதின்னே ஈரக்கொலை நடுங்குது. வெளிச்சத்தோடயே வாங்க, மூஞ்சில மட்டும் அடிக்காதீங்க."

நின்ற சைக்கிள்

ஒரு மாதம் கழித்து, பொழுது சாய்ந்து மகரிபு தொழுகை முடிந்த நேரம், சைனம்பு அம்மாள் பெயருக்கே தந்தி வந்தது. சைகோனிலிருந்து. ஒட்டிய உறை, உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னபடியே லைட்டைச் சாய்த்து, வேகமாகவே மிதித்துப் போனேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அவர் சிம்னி விளக்கோடு வெளியே வந்தார். உறையைப் பார்த்ததும் விளக்கு கை நழுவி விழுந்து உடைந்தது. பிரெஞ்சு படித்த பக்கத்து வீட்டு வாத்தியார் ஓடி வந்தார். படிக்க வெளிச்சம் இல்லை. வேறு விளக்கு எடுத்துவரும் வரை பொறுக்க அந்த அம்மாளால் முடியவில்லை. வாசலிலேயே சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினேன். பின்சக்கரம் சுழன்றது, லைட் எரிந்தது. வாத்தியார் முன்னால் குனிந்து உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தார். முதலில் தனக்குள் படித்தார். அந்த ஒரு நொடி என் கை தளர, வெளிச்சமும் மங்கியது. விட்டுவிடக் கூடாதென்று மறுபடி சுற்றினேன்.

"நலம். கப்பல் ஏறிவிட்டேன். காசிம்" என்று தமிழில் சொன்னார் வாத்தியார்.

தெருவே சத்தம் போட்டது. சைனம்பு அம்மாளோ முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தக் காகிதத்தையே பார்த்தார். எனக்குத் தோள்பட்டை விட்டுப்போனது. பெடலிலிருந்து கையை எடுக்கப் போனேன்.

"நிறுத்தாதீங்க தம்பி, சுத்துங்க. அவரு இன்னொருக்கா படிக்கட்டும்."

எத்தனையோ வருஷம் அந்த லைட்டோடு ஊரெல்லாம் பறந்திருக்கிறேன். அது நாலு பேருக்கு உருப்படியாக உதவியது, சைக்கிள் இருந்த இடத்தை விட்டு நகராத அந்த ஒரு தரம்தான்.