சிமென்ட் ஈமு

பவானி போகும் வழியில், சாப்பிட நிறுத்திய ஓட்டல் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு சிமென்ட் ஈமு. என் மகள் ஜல்லிக்கல் ஒன்றை எடுத்து அதன் கழுத்தில் எறிந்தாள். "எறி கண்ணு, அதுக்கென்ன வலிக்கவா போகுது?" என்று என் கணவர் சிரித்தார்.

எனக்குப் பதினாலு வயதில் எங்கள் தோட்டத்தில் நிஜ ஈமுவே நின்றது. ரோட்டில் போகிறவர்கள் காரை நிறுத்தி வேலியோரம் வந்து பார்ப்பார்கள். "எட்ட நில்லுங்க, கொத்திப்போடும்" என்று அப்பா பெருமையாக அதட்டுவார். பிறகு, குஞ்சும் தீவனமும் கொடுத்து, வளர்ந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்ன கம்பெனிக்காரன் ஓடிப்போனான், தீவனம் நின்றது.

ஒரு நாள் அப்பா வேலிக் கதவைத் திறந்துவிட்டு, "தொரத்தி உடு அம்மணி" என்றார். அது நகரவில்லை. கல்லை எறிந்தேன். தினமும் மக்காச்சோளம் எறிந்த கை. ஈமு ஓடாமல், கல் விழுந்த இடத்தைக் கொத்திப் பார்த்துவிட்டு என்னிடமே வந்தது.

"பெரிய கல்லா எடு" என்றார் அப்பா. எடுத்தேன். காலில் பட்டது. நொண்டிக்கொண்டே ரோட்டில் ஏறியது, என் கையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

"நீ எறிம்மா" என்று மகள் ஒரு கல்லை என் கையில் திணித்தாள்.

எறிந்தேன். குறி இன்னும் தப்பவில்லை.