டயப்பர் இல்லாத வீடு

எங்கள் மகளுக்கு நாலாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது, இனி டயப்பர் வேண்டாம் என்று என் கணவர் முடிவு செய்தார். என்னைக் கேட்டுச் செய்த முடிவு இல்லை. நான் குளித்துவிட்டு வந்தபோது டயப்பர் பாக்கெட்டுகள் பரண்மேல் ஏறியிருந்தன. குழந்தை வெற்று இடுப்போடு பாயில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றேள்?" என்றேன்.

"சத்தம் போடாதே. அவ சொல்றதைக் கவனிச்சிண்டிருக்கேன்."

"என்ன சொல்றா?"

"மூச்சா வரதுன்னு சொல்லப்போறா."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அது வந்தேவிட்டது. பாய் நனைந்தது, அவர் வேட்டி நனைந்தது, பக்கத்தில் நான் மடித்து வைத்திருந்த துணி நனைந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்தியா? முன்னாடியே முகத்தைச் சுளிச்சா. நான்தான் கொஞ்சம் லேட்."

யூடியூபில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சொல்லியிருக்கிறாள். குழந்தைகள் பிறந்ததிலிருந்தே தங்களுக்கு ஒன்றுக்கு வருவதையும் இரண்டுக்கு வருவதையும் தெரிவிக்கிறார்களாம். நாம்தான் அவர்களை டயப்பருக்குள் கட்டிப்போட்டு, சொல்லிப் பயனில்லை என்று அவர்கள் விட்டுவிடும்படி செய்கிறோமாம். முகத்தைக் கவனிக்க வேண்டும். சுளித்தாலோ, ஆட்டம் நின்று திடீரென்று அசையாமல் போனாலோ, உடனே தூக்கிக்கொண்டு ஓடி, தொடைகளைப் பிடித்துக் குந்தவைத்து, காதருகே 'ஸ்ஸ்' என்று சொல்ல வேண்டும். பழகிவிட்டால் குழந்தை அந்தச் சத்தத்துக்காகவே காத்திருக்குமாம். இதற்கு எலிமினேஷன் கம்யூனிகேஷன் என்று பேர்.

அடுத்த வீட்டு மாமியிடம் நான் இதைச் சொன்னபோது, மாமி துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "எலிமினேஷனா? டிவில பாட்டுப் போட்டி நடக்கறச்சே கொழந்தேள் அழுதுண்டு போகுமே, அதுவா?"

"அதேதான் மாமி. இங்க நான் அழுதுண்டு போறேன்."

எங்கள் வீடு திருவனந்தபுரம் கரமனையில், பழைய அக்ரஹாரத் தெருவில், வாடகைக்கு எடுத்தது. அந்த வீடுகளின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். அகலம் கிடையாது, நீளம்தான் உண்டு. வாசலில் நுழைந்தால் முன்னறை, அதற்குப் பின்னால் கூடம், அதற்குப் பின்னால் ஒரு இருட்டறை, அப்புறம் சமையலறை, முற்றம், அதையும் தாண்டித்தான் குளியலறை. என் கணவர் சாஃப்ட்வேர்க்காரர். முன்னறையில் மேஜை போட்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். குழந்தையும் பெரும்பாலும் அங்கேதான். அவள் முகத்தைச் சுளிப்பது ரயிலின் முதல் பெட்டியில். போய்ச் சேர வேண்டியது கடைசிப் பெட்டியில். "வரது! வரது!" என்று கத்திக்கொண்டு அவர் குழந்தையை நீட்டிப் பிடித்தபடி ஓடுவார். நான் வழியில் இருக்கும் நாற்காலி, வாளி, வெங்காயக்கூடை எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொண்டே முன்னால் ஓட வேண்டும். பாதி நேரம் இருட்டறையிலேயே காரியம் முடிந்துவிடும்.

முன்னறையிலேயே ஒரு பேசின் வைத்துக்கொள்ளலாமே என்றேன். பின்னால் வீடியோ மீட்டிங்கில் தெரியும் என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது தரை துடைப்பதில்கூட இல்லை. கணக்கு வைக்கும் முறையில்தான். சரியாகக் குளியலறைக்குக் கொண்டுசேர்த்துவிட்டால் அது அவர் சாமர்த்தியம். குடும்ப வாட்ஸாப் குழுவுக்குச் செய்தி போகும், அவர் அக்கா அமெரிக்காவிலிருந்து கைதட்டுவாள். வழியில் போய்விட்டால் அது என் கவனக்குறைவு. "நீ போன்ல பேசிண்டிருந்தே. அவ உன்னைப் பாத்துதான் சொன்னா." நான் பேசியது கேஸ் ஏஜென்சியோடு. சிலிண்டர் வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாடு இல்லை.

அதற்குள் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. திருவனந்தபுரத்தில் மழை பிடித்தால் துணி உலராது. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, குழந்தைத் துணிகளைத் தொங்கவிட்டேன். எந்த அறைக்குப் போனாலும் ஒரு ஈரத்துணி நெற்றியில் இடித்தது. வீடு முழுக்க ஒரு வாடை. எங்களுக்குப் பழகிவிட்டது, வருகிறவர்கள் உட்காருமுன் நாற்காலியைத் தடவிப் பார்த்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில், அது வேலை செய்யவும் ஆரம்பித்தது. அதுதான் இன்னும் மோசம். 'ஸ்ஸ்' என்ற சத்தத்தை அவள் நன்றாகவே பிடித்துக்கொண்டாள். ஆனால் அந்தச் சத்தம் அப்பா வாயிலிருந்து மட்டும்தான் வர வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் மூச்சா. குக்கரில் ஆவி கிளம்பினால் மூச்சா. இடுப்பில் குழந்தையோடு சமைப்பது என்பது அதற்குப் பிறகு இல்லை என்று ஆயிற்று. கடுகு தாளிக்க வேண்டுமானால் மாமியைக் கூப்பிட்டு, குழந்தையைக் கொடுத்து, வாசல்வரை அனுப்பிவிட்டுத்தான் எண்ணெய் வைப்பேன்.

நாகர்கோவிலில் என் அண்ணா பையனுக்குப் பூணூல் என்று கிளம்பினோம். குழந்தைக்கு அப்போது ஏழு மாதம். பஸ்ஸில் போகிறோம், இன்றைக்கு ஒரு நாள் டயப்பர் போடலாம் என்று எவ்வளவோ கெஞ்சினேன்.

"இத்தனை நாள் பண்ணினது எல்லாம் வேஸ்டாப் போயிடும். ஏறறதுக்கு முன்னாடி போகவெச்சுடலாம். நான் பாத்துக்கறேன்."

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில், தூணுக்குப் பின்னால் ஒரு மூலையில், பிளாஸ்டிக் டப்பாவின் மேல் அவளைப் பிடித்துக்கொண்டு அவர் 'ஸ்ஸ்' சொன்னார். வருகிற போகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவளும் அவர்களைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. சரி, வயிறு காலி என்று பஸ்ஸில் ஏறி, இரண்டு பேர் சீட்டில் உட்கார்ந்தோம். என் மடியில் குழந்தை. பட்டுப் புடவை. பக்கத்தில் இன்னொரு பஸ் வந்து நின்றது. நின்றவுடன் பிரேக்கிலிருந்து காற்றை விட்டது பாருங்கள், 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று, என் கணவர் ஆயுசுக்கும் சொல்ல முடியாத அளவுக்கு நீளமாக.

புடவை வழியாக, சீட் வழியாக, கீழே ஓடியது. கண்டக்டர் வந்து பார்த்தார்.

"அய்யோ சேச்சீ, ஈ சீட்டில் இனி ஆரு இரிக்கும்?"

இனி அந்த சீட்டில் யார் உட்காருவார்கள் என்கிறார். நான் தலை நிமிரவில்லை. என் கணவர் எழுந்து நின்று, டயப்பர் ஏன் குழந்தைகளுக்கு நல்லதில்லை என்று கண்டக்டருக்கு மலையாளத்தில் விளக்கத் தொடங்கினார். அவரும் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "சாறே, குட்டிக்கு நல்லதாயிரிக்கும். பஸ்ஸினு நல்லதல்ல."

நாங்கள் சீட்டைத் துடைத்து, அதன்மேல் துண்டை விரித்து உட்கார்ந்தோம். வண்டி ஊரைத் தாண்டிய பிறகு அவர் மெல்லச் சொன்னார். "அவ சிக்னல் கொடுத்திருப்பா. நீ பாத்திருக்க மாட்டே."

"எது சிக்னல்? பக்கத்து பஸ்ஸா?" என்று நான் போட்ட சத்தத்தில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பூணூல் வீட்டில் அண்ணி என்னைக் கட்டிக்கொள்ள வந்து, பாதியில் நின்றாள்.

பிரசவ லீவு முடிந்து நான் ஆபீஸுக்குத் திரும்பிய பிறகு பகலில் மாமியும் இவருமாகப் பார்த்துக்கொண்டார்கள். மாமி வீட்டில் குழந்தை இருக்கும் நேரத்துக்கு ஒரு சட்டமும் இல்லை. போனால் துடைப்பாள், அவ்வளவுதான். பிறகு குழந்தைக்குப் பத்து மாதமானபோது அவரை ஆபீஸில் பெங்களூருக்கு வரச் சொன்னார்கள், இரண்டு வாரத்துக்கு. நான் லீவு போட்டேன். ஆட்டோவில் போய் அவரை ரயிலில் ஏற்றிவிட்டு, திரும்பும் வழியிலேயே மெடிக்கல் ஷாப்பில் நிறுத்தி, பெரிய பாக்கெட் டயப்பர் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து அவளுக்கு மாட்டிவிட்டு, காபி போட்டுக்கொண்டு, உலர்ந்த தரையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். அந்தக் காபியின் ருசி வேறு.

பாதிக் காபியில் அவள் தவழ ஆரம்பித்தாள். முன்னறையிலிருந்து கூடம், இருட்டறை, சமையலறை, முற்றம். நான் பின்னாலேயே போனேன். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. அதை உள்ளங்கையால் தட்டினாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"டயப்பர் இருக்குடி கண்ணா. அதுலயே போ. போலாம், ஒண்ணும் ஆகாது."

மறுபடி தட்டினாள். முகம் சிவந்தது. பிறகு அழுகை. பிடிவாத அழுகை இல்லை. என்ன செய்வதென்று தெரியாத அழுகை. நான் டயப்பரை அவிழ்த்துவிட்டுக் குந்தவைத்தேன். 'ஸ்ஸ்' சொல்லக்கூட இல்லை. உடனே போனாள். போய்விட்டு ஒரு பெருமூச்சு விட்டு, என் கையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க இப்படியே. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பேன். அவள் கூடத்தில் இருப்பாள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் எனக்குத் தெரிந்துவிடும். அவள் பேச்சு நின்றிருக்கும், அவ்வளவுதான். கையைக்கூடக் கழுவாமல் ஓடுவேன். யாரைப் பார்த்து இத்தனை மாதம் பல்லைக் கடித்தேனோ, அவரைப் போலவே "வரது வரது" என்று சொல்லிக்கொண்டு ஓடினேன்.

போனில் அவர் கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். "நான் சொன்னேனா இல்லையா?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

அவர் திரும்பி வந்தபோது அவள் நிற்கப் பழகியிருந்தாள். சில நாளில் நடந்தாள். நடக்கத் தொடங்கியதும் எல்லாம் தலைகீழாயிற்று. தூக்கினால் வில்லாக வளைந்தாள். குந்தவைத்தால் காலை விறைத்துக்கொண்டு கத்தினாள். இறக்கிவிட்டால் நேராக முன்னறைக்கு நடந்து போய், அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே போனாள். கேமராவில் பின்னால் அவள் தலை தெரிந்ததாம். அங்கே யாரோ ஹாய் சொன்னார்களாம்.

அவர் விடவில்லை. பாட்டுப் பாடினார். பொம்மை வாங்கினார். குழந்தைகள் உட்கார்ந்து போவதற்கென்றே வாத்து வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் பேசின் வாங்கி, தானே அதன் பக்கத்தில் குந்திக் காட்டினார். "அவளுக்கு இப்ப நடக்கற வேலை இருக்காக்கும். இதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்று மாமி மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள். அவர் காதில் ஏறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் குளியலறையில் அப்படி அலறினாள், நான் ஓடிப்போய் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

"போறும். நிறுத்துங்கோ. இது குழந்தைக்காகப் பண்றதா, உங்களுக்காகப் பண்றதா?"

எனக்கு வாயில் வந்ததைத்தான் கேட்டேன். அவர் ஈரத் தரையில், அந்த வாத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்காகத்தான்," என்றார். "அழுதா உன்கிட்ட. பசிச்சா உன்கிட்ட. தூக்கம் வந்தா உன்கிட்ட. நான் தூக்கினா உன்னைத் தேடும். இது ஒண்ணுதான் என் கையில அடங்கித்து. என்னைப் பாத்து முகத்தைச் சுளிக்கும், நான் புரிஞ்சுண்டு ஓடுவேன். எனக்கும் அவளுக்குமா ஒரு பேச்சு இருந்தது. இப்ப அதுவும் இல்லை."

என் தோளில் குழந்தை விக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அவர் பக்கத்தில் உட்கார வேண்டும்போல இருந்தது. அதே சமயம், இதை நாலாவது மாதமே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் எத்தனை பாய், எத்தனை துணி, எத்தனை சண்டை மிச்சம் என்றும் கத்த வேண்டும்போல இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. "எழுந்திருங்கோ, வேட்டியெல்லாம் ஈரம்," என்றேன். குழந்தையை அவரிடமே கொடுத்தேன். "தெருவில நடத்திண்டு போங்கோ. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்." போனார். அன்றிலிருந்து காலையில் அவர்கள் நடை ஆற்றங்கரைவரை நீண்டது. வெளியில் டயப்பர், வீட்டில் போனால் போனது என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டு வயது நெருங்கும்போது ஒருநாள் மத்தியானம், மோட்டரை நிறுத்தாமல் விட்டது யார், தொட்டி வழிந்தது யாரால் என்று முன்னறையில் எங்களுக்குள் வாக்குவாதம். நன்றாக முற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் பின்பக்கத்திலிருந்து வந்து எங்கள் நடுவில் நின்றாள். இடுப்பில் ஒன்றும் இல்லை. முழங்கால்வரை ஈரம்.

"முள்ளியாச்சு," என்றாள்.

'முள்ளி' என்பது மூச்சா போனதற்கு மலையாளத்தில் பிள்ளைகள் சொல்லும் வார்த்தை, எதிர்வீட்டுக் குழந்தைகளிடமிருந்து பிடித்தது. அதில் எங்கள் தமிழை ஒட்டவைத்திருந்தாள். அவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். "எங்க போனே? தானாவேவா? யாரு சொன்னா?"

அவள் பிஸ்கட் கேட்டாள். நான் போய்ப் பார்த்தேன். குளியலறையில் போக வேண்டிய இடத்தில்தான் போயிருந்தாள். கழற்றிய ஈர ஜட்டியை மட்டும், கடைசித் தண்ணீரில் அலசி உலர்த்தத் தயாராக வைத்திருந்த என் துணி வாளியில் போட்டு, கையால் நன்றாக அமுக்கியும் விட்டிருந்தாள். முன்னறையில் அவர், இன்னொரு தரம் சொல்லு, இன்னொரு தரம் சொல்லு என்று அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தது கேட்டது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து, அத்தனை துணியையும் முதலிலிருந்து அலசத் தொடங்கினேன்.