தண்ணீர் தானாக ஏறும்வரை

என் அம்மா பெரியாத்தாளுக்குக் கோபமே வராது என்று மண்ணரையில் எங்கள் பனியன் கம்பெனியில் எல்லோரும் சொல்வார்கள். கோணலாகத் தைத்த பீஸைக்கூட, "பிரிச்சுத் தெச்சிரு கண்ணு" என்று சிரித்துக்கொண்டேதான் திருப்பித் தருவாள். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அப்பா ரத்தினசாமி கத்தும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வதற்குப் பெயர் பொறுமையா?

பொங்கலூரில் எங்கள் தோட்டத்துக்கும் அம்மாவின் தம்பி கிட்டுசாமி மாமாவின் தோட்டத்துக்கும் ஒரே வாய்க்கால். ஒரு வருடம் எங்கள் முறையில் தண்ணீர் பாதியிலேயே நின்று பருத்தி காய்ந்தது. மாமாதான் மடையை அடைத்தார் என்று அப்பா ஊர் நடுவில் நின்று கத்தினார். அன்றோடு அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லாமல் போனது. அப்புச்சி, அம்மாவின் அப்பா, இறந்த அன்று மட்டும் போனாள். அதுவும் மத்தியானமே திரும்பிவிட வேண்டும் என்று உத்தரவு. இப்படியே ஒன்பது வருடம்.

2006 தையில் எனக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாணம் ஏது? முந்தின மார்கழியில் சிதம்பரம் போய்ச் சாமி கும்பிடலாம் என்று சொல்லி, அம்மா மாமாவையும் காரில் ஏற்றிவிட்டாள். சீரை நினைத்து அப்பாவும் தடுக்கவில்லை. அப்படியே பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காடு பார்க்க நால்வரும் ஒரு துடுப்புப் படகில் ஏறினோம்.

அப்பா முன்னால், மாமா பின்னால். "நித்யா, உங்க மாமனக் கால மடக்கச் சொல்லு" என்று அப்பா பேசுவதெல்லாம் என் வழியாகத்தான். இரண்டு பக்கமும் வேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நின்றன. அதை யார் பார்த்தார்கள்! சின்ன ஓடைக்குள் போகவேண்டாம் என்று படகோட்டி வீரன் சொன்னார். அப்பா அதட்டி உள்ளே விடச் செய்தார். திரும்பும்போது படகு சேற்றில் தட்டி நின்றது.

"எவன்டா தண்ணிய அடச்சது?" என்று கேட்டு அப்பா மாமாவை முறைத்தார். கடலோரத்திலும் இந்த மனிதருக்கு மடைதான்!

"யாரும் அடைக்கல சார். கடல் உள்வாங்குது. பொறுத்தா தண்ணி தானா ஏறும்" என்று வீரன் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அப்பாவால் தாங்க முடியவில்லை. தள்ளிவிடுகிறேன் என்று இறங்கியவர் தொடை வரை சேற்றில் புதைந்து, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முழித்தார். மாமா ஒரு துடுப்பை எடுத்து நீட்டப்போய், பாதியில் நிறுத்தினார்.

"சொல்லுங்க மச்சான். அன்னைக்கு நான் அடச்சனுங்களா?"

அப்பா காலை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. "இல்லடா. வாய்க்கா கரையில எலி வளை இருந்துச்சு. தண்ணி அதுல போயிருச்சு. அடுத்த மாசமே பாத்துட்டேன். ஊரு முன்னால கத்துனவன் எப்படிடா மாத்திச் சொல்றது? துடுப்பக் குடு."

மாமா துடுப்பை நீட்டினார். அம்மா அதை வாங்கித் தன் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, அப்ப எங்கப்பன் செத்தன்னைக்கு என்னை மத்தியானமே வரச் சொன்னது எதுக்குங்க?"

அம்மா வீரனைப் பார்த்தாள்.

"தம்பி, தண்ணி எப்ப ஏறுமுங்க?"

"ஒரு மணி நேரம் ஆகும்மா" என்றார் வீரன்.

"ஆகட்டுமுங்க. அதுவரைக்கும் அவரு அங்கயே நிக்கட்டும்" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நித்யா, முறுக்குப் பொட்டணத்த எடு கண்ணு. மொதல்ல மாமனுக்குக் குடு."