வண்டியை விற்ற சனிக்கிழமை

பிரியமானவர்களே, என் பெயர் ரெஜினா. அடையாறில் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் நானும் என் கணவர் சேகரும் பதினாறு வருடம் இஸ்திரி வண்டி வைத்திருந்தோம். கர்த்தர் எங்களுக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனமில்லை.

கொரோனா போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. ஆபீஸ் போகிறவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். திரும்ப ஆபீஸ் போனபோது டீ-ஷர்ட்டில் போனார்கள். நான்கு வருடம் தொழில் ஏறவும் இல்லை, ஒரேயடியாகப் படுக்கவும் இல்லை. படுத்திருந்தால் வேறு வேலை தேடியிருப்போம்.

போன வருடம் சேகர் வண்டிக்கு வருவதை நிறுத்திவிட்டார். குடிக்கவில்லை, சண்டை போடவில்லை. சும்மா படுத்திருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"தெனம் போய் இன்னாத்துக்கு நின்னுகினு கீற? வண்டிய காயலாங்கடையில போட்டுடு" என்றார் ஒருநாள்.

மறுநாளும் நான் வண்டிக்குப் போனேன். காலையில் கரி மூட்டும்போது ஜெபிப்பேன். முதலில் துணி வர வேண்டும் என்று கேட்டேன். பல மாதம் கேட்டேன். வரவில்லை. பிறகு, "ஆண்டவரே, அவரை எழுப்பும். நாளைக்கும் இங்கே வர எனக்கு மனசு கொடும்" என்று மட்டும் கேட்டேன். எனக்காகக் கேட்டது தினமும் கிடைத்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

மழைக்காலத்தில் வண்டியின் அச்சு முறிந்தது. ஒரு சனிக்கிழமை, பழைய இரும்பு வாங்கும் காயலாங்கடைக்காரரை வரச் சொன்னேன். அன்று என்னிடம் ஒரே ஒரு மூட்டைதான் இருந்தது. மாடிவீட்டு அம்மாவின் அக்கா மகள் தரமணியில் ஹாஸ்டலில் தங்கி டாக்டருக்குப் படிக்கிறாள். அவள் சித்தி வீட்டில் கொடுத்துவிட்டுப் போன வெள்ளைக் கோட்டுகள். அவற்றைத் தேய்த்து முடித்ததும் வண்டியைக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறிப் போய் அந்தப் பெண்ணிடம் மூட்டையைச் சேர்த்தேன். இனி வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

அவள் உள்ளே போய் வார்டன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"இங்க அம்பது பொண்ணுங்க கோட்டு போடுதுங்க. கீழ ஒரு ரூம் சும்மாதான் கெடக்குது. வந்து தேய்ச்சுக் குடுக்கிறியாம்மா?" என்றார் அவர்.

வருகிறேன் என்று தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து சேகரிடம் சொன்னேன். படுத்தபடியே கேட்டார்.

"அம்பது கோட்டா?"

"ஆமா."

எழுந்து உட்கார்ந்தார். "நீ ஒண்டியா எப்பிடி தேய்ப்ப?"

திங்கட்கிழமை நான் எழுவதற்குள் ஷேவ் செய்து, சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். நான் பின்பக்கம் போய் அழுதேன்.

பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. ஹாஸ்டலுக்கு லீவு விட்டால் எங்களுக்கும் வேலை கிடையாது. ஆனால் இப்போது இருவரும் ஒரே ரயிலில் போகிறோம். கோட்டில் மை பட்டிருந்தால் என்னிடம் காட்டி, "டாக்டரம்மா வேலயப் பாரு" என்று சிரிக்கிறார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

தொழில் மந்தமாகி மனம் சோர்ந்திருக்கிறவர்களே, நீங்களும் கேளுங்கள். பெரிதாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் நாளைக் காலைக்கு மட்டும் கேளுங்கள். எனக்குத் தந்தவர் உங்களுக்கும் தருவார்.