ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் கேன்டீன்

இணையதளம் செய்து கொடுப்பது, யாரோ செய்த தப்புக்கு நாம் திட்டு வாங்கும் தொழில். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

சேமி

ஆம்புலன்ஸ் எண் அடிக்கடி மாறும், நாங்களே மாற்றிக்கொள்ள வழி வேண்டும் என்றார் அங்கிருந்த மேனேஜர். அதற்கென்றே, இணையதளத்தோடு சேர்ந்து ஓடும் சின்ன நிரலாக ஒரு பிளகின் எழுதினேன். செட்டிங்ஸில் எண்ணை அடித்து 'சேமி'யை அழுத்தினால், 'அவசர எண்' என்ற பெயரில் உள்ளே பதிவாகும். முகப்புப் பக்கம் அதே பெயரைச் சொல்லிக் கேட்டு, எண்ணை வாங்கிக் காட்டும். அவ்வளவுதான்.

மறுநாளே போனில் கத்தினார், எண் மாறவில்லையாம். சேமியை அழுத்தினீர்களா சார் என்றேன்.

"அடிச்சா அதுவே புரிஞ்சுக்க வேணாமாம்மா?"

ஒரே பெயர்

பிறகு கேன்டீனுக்கும் ஒரு பக்கம் கேட்டார்கள். என்னோடு வேலை செய்யும் மஞ்சுநாத் செய்தான். என் பிளகினை அப்படியே நகலெடுத்து, வெளியே தெரியும் தலைப்புகளை மட்டும் மாற்றினான். எண் பதிவாகும் பெயரை மாற்றவில்லை. கேன்டீன் எண்ணைச் சேமித்ததும், அது ஆம்புலன்ஸ் எண் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மஞ்சுநாத் சோதித்துப் பார்க்கவும் இல்லை.

ஏன்டா இப்படி என்று கத்தினேன். அவன் நிதானமாகச் சொன்னான்:

"உங்க பிளகின் கோடு நல்லா ஓடுதேக்கா, அதான் எடுத்துக்கிட்டேன்."

தக்காளி வண்டி

நான் அப்படிக் கத்தியதற்குக் காரணம் இருந்தது. அன்று காலை பக்கத்து ஊரான கெலவரப்பள்ளியிலிருந்து ஒருவர், மனைவிக்குப் பிரசவ வலி என்று இணையதளத்தில் இருந்த எண்ணுக்குப் போன் அடித்திருக்கிறார். எடுத்த கேன்டீன்காரர், "டிபன் முடிஞ்சிருச்சுங்க" என்று வைத்துவிட்டார். திரும்ப அடித்தாலும் அதே பதில். பக்கத்து வீட்டுத் தக்காளி வண்டியில் மனைவியை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். குழந்தை பிறந்தது, இருவரும் நலம்.

பதிவாகும் பெயரை மாற்றி, எண்ணைச் சரிசெய்து, அந்தக் கணவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள் என்று மேனேஜரிடம் போய் நின்றேன்.

"எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க, எதுக்குக் கிளறிக்கிட்டு?"

வார்டில்

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக வார்டுக்குப் போய் அவரிடம் நானே சொன்னேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் தூங்கும் குழந்தைக்குப் போர்வையை இழுத்துவிட்டார்.

"பாவம், அந்தக் கேன்டீன்காரரைப் போன்ல கண்டபடி திட்டிட்டேங்க. அவரு இப்ப கீழ இருப்பாரா?"

நாம் எழுதும் பிளகின் சொன்னதைச் சொன்னபடி செய்துவிடுகிறது; அதன்மேல் கோபப்பட முடியாது, கோபப்பட மனிதர்களை மட்டும்தான் நமக்கு மிச்சம் வைக்கிறது.