ஒரு வெடி குறையுது

எங்கள் சித்தப்பா தங்கச் சுரங்கத்தில் வெடி வைக்கிறவர். ஊரில் எல்லோரும் பூமியைக் கீழ்நோக்கித் தோண்டினால், அவர் உள்ளே போய் நின்றுகொண்டு மேல்நோக்கித் தோண்டுவார். சுரங்கத்தின் கூரையில் துளை போட்டு, மருந்து அடைத்து வெடிக்க வேண்டும். பாறை உடைந்த இடத்தில் பலகை கட்டி ஏறி நின்று, மறுபடியும் தலைக்கு மேலேயே துளை. இப்படிப் புகைபோக்கி மாதிரி ஏறிக்கொண்டே போய், மேலே இருக்கும் அடுத்த சுரங்கத்தைத் தொட்டுவிட வேண்டும்.

அந்த வருஷம் அத்தைக்குத் தலை தீபாவளி. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்குள் மாப்பிள்ளை நுழையும்போது அணுகுண்டுகள் வரிசையாக முழங்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பொறுப்பைத் தம்பியிடம் கொடுத்தார். சித்தப்பா குண்டுகளை ஒரே திரியில் இணைத்தார். விசில் ஊதி, குழாயடியில் நின்றவர்களைக்கூட வீட்டுக்குள் விரட்டினார். சந்துமுனையில் ஆட்டோ வந்து நின்றதும் பற்றவைத்துவிட்டு, வெடிச்சத்தங்களை விரல்விட்டு எண்ணினார்.

"ஒண்ணு குறையுது! யாரும் வராதீங்க!"

அம்மாவின் சிவப்பு ரவிக்கைத் துணியைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு சந்தை மறித்து நின்றுவிட்டார்.

"அண்ணா, அவருக்குக் கோபம் வருது" என்று ஆட்டோவிலிருந்து அத்தை கத்தினாள்.

"ஸ்வல்ப நில்லுங்க மாப்ளே. அரை மணி நேரந்தான். வெடிக்காதது செத்துப்போச்சுன்னு நினைக்கக்கூடாது, தூங்குது."

பால் வாங்கப் போயிருந்த எதிர்வீட்டுக்காரர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு கன்னடத்தில் திட்டினார். மாப்பிள்ளை ஆட்டோவைத் திருப்பச் சொன்னார். அத்தை அழ ஆரம்பித்தாள்.

அப்பா ஒரு வாளித் தண்ணீரோடு பாய்ந்தார். "ரெண்டு ஒண்ணா வெடிச்சிருக்கும்டா! இதென்ன உன் சுரங்கமா?"

சித்தப்பா ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தார். இருவரும் வாளியோடு சாக்கடை ஓரம் விழுந்தார்கள். அப்பாவின் புது வேட்டி அவரைக் கைவிட்டது. சந்தே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரிப்பை அடக்கமுடியாமல் இறங்கி வந்துவிட்டார். வெடி இருந்த இடத்தில் காகிதத் தூள் தவிர ஒன்றுமில்லை.

சித்தப்பா மட்டும் அப்பாவை விடவேயில்லை. அவர் தோள் குலுங்கியது. அவரும் சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

சாப்பிடும்போது, போன தீபாவளிக்கு எனக்கு வளையல் வாங்கிவந்த சித்தப்பாவின் சுரங்கக் கூட்டாளி ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"அவன் மேல போயிட்டான், கண்ணு."

பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. எனக்கோ ஒரே சந்தோஷம். அவ்வளவு பாறையையும் உடைத்துக்கொண்டு அடுத்த சுரங்கத்துக்கே ஏறிவிட்டாரே!

"நீங்க எப்போ சித்தப்பா போவீங்க?" என்று கேட்டேன்.